வாப்பா சொல்லிவைத்த அடையாளங்கள்

கபுறு எங்கே இருக்கிறது என்று வயதானவர்களிடம் கேட்டால், "மையவாடிக்குள்ளதான் மகள், வேற எங்க?" என்பார்கள். அதற்குமேல் பேச்சு நகராது. ஜனாஸாவை எந்தப் பாதையால் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிவாசல் படியிலிருந்து தொடங்குவார்கள். எந்த வளவைச் சுற்றி வந்தார்கள், எந்த இடத்தில் தோள் மாற்றினார்கள், சந்தூக்கை எந்த மரத்தடியில் இறக்கினார்கள், மண்வெட்டியோடு முன்னால் போனவர் யார் என்று வரிசையாக வரும். சொல்லி முடிக்கும்போது கை தானாக ஒரு பக்கம் நீளும். கபுறு அந்தப் பக்கம்தான்.

இந்தக் கேள்வியை நான் என் வாப்பாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தவர். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலத்தில், இஷாத் தொழுதுவிட்டு வந்து பாயில் சாய்ந்தால், கொண்டச்சி மையவாடிக்குள் ஒருமுறை நடந்துவிட்டுத்தான் தூங்குவார். "வாசலால உள்ளுக்குப் போனா கடல் பக்கம் பெரிய பாலை மரம். அதுக்குத் தெற்கால எங்கட வாப்பா. தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் பாலைக் கட்டைதான் நட்டம். முருகைக்கல்லால சுத்திக் கட்டினது நானும் உங்கட சாச்சாவும்." நாங்கள் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு அது கதை. அவருக்கு அது கணக்கெடுப்பு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊரை விட்டு வந்தவர், உயிரோடு இருந்தவர்களையெல்லாம் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்ணுக்குள் இருந்தவர்களை இப்படித்தான் இரவிரவாக எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

கொண்டச்சி மன்னாரின் பெருநிலப் பக்கத்தில், முசலிப் பிரதேசத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்களும் கடைசியில் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து நின்றோம். வீட்டில் இருந்த படங்கள், உறுதிகள், வாப்பாவின் வாப்பா எழுதிவைத்த கொப்பிகள், எதுவும் வரவில்லை. 2009இல் யுத்தம் முடிந்து ஆட்கள் மெல்ல மெல்ல ஊருக்குத் திரும்பியபோது, இருபது வருடம் வளர்ந்த காடு அங்கே நின்றது. வீட்டு அத்திவாரத்தை ஊடறுத்து மரம் எழும்பியிருந்தது. மையவாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாப்பா திரும்பிப் போய்ப் பார்த்தார். அப்போதே அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முள்ளுக்குள் இறங்க முடியாமல் வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு எங்களிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "நான் மௌத்தானா எங்கயும் அடக்குங்க. எல்லா மண்ணும் அல்லாஹ்ட மண்தான். ஆனா எங்கட வாப்பாட கபுற ஒருக்காத் தேடிப் பாருங்க."

அவர் புத்தளத்தில் மௌத்தானார். அங்கேயே அடக்கினோம். யாஸீன் ஓதினோம், கத்தம் கொடுத்தோம், அவர் பெயரில் ஒரு கிணறு இறைத்துத் துப்புரவாக்கிக் கொடுத்தோம். இவ்வளவும் செய்த பிறகும் அந்த ஒரு சொல் மிச்சமாக இருந்தது. அதை நிறைவேற்றப் பெரியவர்கள் நாலு பேர் ஒரு வானில் போய் வந்திருக்கலாம். நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அவர்களைத் தேடவிட்டோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ இதே நிலையில் இருக்கின்றன. எங்களுக்கு உதவியது அவர்களுக்கும் உதவட்டும்.

முதல் வேலை அடையாளங்களைச் சேர்ப்பது. வாப்பா சொன்னதில் என் நினைவில் இருந்ததை ஒரு கொப்பியில் எழுதினேன். தம்பி தன் நினைவில் இருந்ததைத் தனியாக எழுதினான். பிறகு மாமியிடம் போனேன். வாப்பாவின் கூடப்பிறந்தவர்களில் இன்று இருப்பவர் அவர் மட்டும். ஊரில் வாப்பாவோடு மரமுந்திரிகைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரிடமும் போனேன். இதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்துக் கேட்டால், குரல் பெரிய ஒருவரின் நினைவே மற்றவர்களின் நினைவாக மாறிவிடும். மெதுவாகப் பேசுகிற கிழவியிடம் இருக்கும் ஒரு சிறு விபரம் அங்கே அமுங்கிப் போகும். எங்களுக்கு மிகப் பெரிய துணையாக இருந்தது மாமியின் ஒரு வாக்கியம். கபுறு தோண்டும்போது சிப்பி ஓடு வந்துகொண்டேயிருந்தது என்று பள்ளிக்குப் போய் வந்த அவருடைய காக்கா ஒருவர் சொன்னாராம். வாப்பா அதை ஒருநாளும் சொன்னதில்லை.

பத்திரங்களையும் தேடுங்கள். இலங்கையின் மரணப் பதிவில் மரணத்துக்கான காரணத்தோடு, அடக்கம் அல்லது தகனம் நடந்த இடத்தையும் எழுத ஓர் இடம் உண்டு. பழைய பதிவுகளில் அது ஒரு சொல்லாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஊரில் இரண்டு மையவாடி இருந்தால் அந்த ஒரு சொல்லே போதும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். எந்தப் பதிவாளர் பிரிவு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பது தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

பழைய கற்களில் ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால், அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1380 என்றால் 1960 அல்லது 1961. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கிறது. கல்லில் எழுதியிருக்கும் எண்ணைத் தங்கள் கையாலேயே ஒரு மனிதரின் காலமாக மாற்றிவிடுகிறார்கள்.

பிள்ளைகளை மையவாடிக்குள் தேடவிடப் போகிறோம் என்றதும் சொந்தத்துக்குள் ஒரு கேள்வி எழுந்தது. மையவாடி விளையாடுகிற இடமா? நியாயமான கேள்வி. நான் அதை மௌலவியிடம் கொண்டுபோனேன். அவர் உத்மான் பின் மழ்ஊன் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் கபுறைப் பற்றிச் சொன்னார். ரஸூலுல்லாஹ் அவர்கள் தங்கள் கையாலேயே ஒரு கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து அந்தக் கபுறின் தலைமாட்டில் வைத்தார்கள், பிறகு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. அடையாளம் வைப்பது சுன்னத்தில் உள்ளது என்றால் அந்த அடையாளத்தைத் தேடிப்போவதில் என்ன தவறு என்று கேட்டார். பிறகு பிள்ளைகளுக்கான ஒழுங்குகளை அவரே சொல்லித் தந்தார். வாசலில் நின்று கபுறாளிகளுக்கு ஸலாம் சொல்ல வேண்டும். கபுறின் மேல் மிதிக்கவோ உட்காரவோ கூடாது, இடையால்தான் நடக்க வேண்டும். ஓடக் கூடாது, ஆளை ஆள் சத்தமாகக் கூப்பிடக் கூடாது. நாங்கள் அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கவில்லை. 'மூத்தாப்பாவின் தேடல்' என்றோம்.

வெளிநாடுகளில் கல்லறைகளைத் தேடிப் பதிகிற வேலை பெரிதாக நடக்கிறது. அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய 'ஃபைண்ட் எ கிரேவ்' என்ற தளத்தில் ஆர்வமுள்ளவர்கள் கோடிக்கணக்கான கல்லறைகளின் விபரங்களைப் பதிந்திருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகளை ஜே. பென்ரி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி ஊர் ஊராகத் தேடி, வாசகங்களைப் பிரதிசெய்து 1913இல் ஒரு தடித்த நூலாக வெளியிட்டார். காலராவில் இறந்த ஓர் இளம் அதிகாரியின் பெயரைக்கூட இன்று அதில் பார்க்கலாம் என்பது பெரிய விசயம். எங்கள் மையவாடியில் அடங்கியிருக்கிற விவசாயிக்கும் மீனவருக்கும் அந்தப் பட்டியல், அவர்களுடைய பிள்ளைகளின் வாயில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவசரம் வந்தது அதனால்தான்.

நான் மையவாடிக்குள் போகவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்கள் உள்ளே போவதில்லை. உலமாக்களிடையே இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்து உண்டு என்பதை அறிவேன். வாப்பா இருந்த காலத்தில் அவர் மனம் எதில் அமைதியாக இருந்ததோ அதையே நானும் எடுத்துக்கொண்டேன். வேலிக்கு வெளியே ஒரு பாயை விரித்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி பிள்ளைகளோடு உள்ளே போனான். எங்கள் தேடலுக்கு ஒரு வடிவம் கிடைத்ததே இந்த வேலியால்தான். உள்ளே இருந்தவர்களிடம் கண் இருந்தது, கதை இல்லை. என்னிடம் கதை இருந்தது, கண் இல்லை. ஒரு பிள்ளை ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்து வேலியடிக்கு வந்து, தான் பார்த்ததை வாயால் விவரிக்க வேண்டும். அது கொப்பியில் உள்ளதோடு பொருந்தினால், அந்தக் கபுறுக்குரியவரைப் பற்றி வாப்பா சொன்ன ஒரு கதையை நான் சொல்வேன். கண்டெடுத்ததற்கு அதுதான் பரிசு. இனிப்பு, காசு எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். கதைக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப உள்ளே போனார்கள்.

போவதற்கு முந்திய ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளி நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். துப்புரவு செய்யும் நாள் ஒன்று வைத்திருந்தால் அந்த நாளிலேயே போவது நல்லது, ஊர்ப் பெரியவர்களும் கையில் கத்தியோடு அங்கே நிற்பார்கள். வடக்கில் எந்தக் காட்டுக்குள் இறங்குவதென்றாலும், அந்தத் துண்டில் மிதிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம சேவையாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். எங்கள் பக்கம் வில்பத்துக் காட்டோடு ஒட்டியது, யானை வரும். அதனால் காலை நேரமே சரி. முழுக்கால் சட்டை, மூடிய சப்பாத்து, கையில் ஒரு தடி. அந்தத் தடியால் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தால் பாம்பு பெரும்பாலும் விலகிப் போகும். எழுதப் பென்சில் கொடுங்கள். வியர்வைக் கை பட்டால் பேனை மை கரையும்.

எந்த மாதம் என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. சோளகக் காலத்தில் தரை காய்ந்து காடும் மெலிந்திருக்கும், நடக்கச் சுகம். ஆனாலும் வாடைக் காற்றோடு முதல் மழை விழுந்த கிழமையைத்தான் நான் தெரிவுசெய்வேன். பழைய கபுறு உள்ளே அமர்ந்து தாழ்ந்திருக்கும். மழைத் தண்ணீர் அந்தத் தாழ்வில் நீளவாக்கில் தேங்கும். கல்லும் கட்டையும் போன இடத்தில்கூட அந்த நீளத் தண்ணீர் ஒரு மனிதரின் அளவைக் காட்டிக்கொடுக்கும். புல் எழும்ப முன்னர் போய்விட வேண்டும்.

நிலத்தைப் படிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தோம். ஜனாஸாவை வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்க வைக்கிறோம். நமக்குக் கிப்லா மேற்கு. ஆகவே கபுறு வடக்குத் தெற்காகத்தான் கிடக்கும், தலைமாடு வடக்கே. திசைகாட்டியை எடுத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், மன்னாரிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை, சற்று வடக்குச் சாய்ந்திருக்கிறது. எனவே கணக்காகப் பார்த்து வெட்டிய கபுறின் தலைமாடும் வடக்கிலிருந்து கிழக்குப் பக்கம் கொஞ்சம் சாயும். சூரியன் மறைகிற பக்கத்தைப் பார்த்து மதிப்பாக வெட்டிய பழைய கபுறுகள் இன்னொரு சாய்வில் இருக்கும். வரிசைக்கு வரிசை இந்தச் சாய்வு மாறினால் அது காலம் மாறியதன் அறிகுறியாக இருக்கக்கூடும். கிழக்கு மேற்காகக் கிடக்கிற மேடு கறையான் புற்றாக இருக்கலாம், பழைய வரம்பாக இருக்கலாம். என் மகன் கைத்தொலைபேசியின் திசைகாட்டியோடு ஒவ்வொரு மேட்டையும் அளந்துகொண்டு போனதை வேலிக்கு இப்பால் இருந்து பார்த்தேன். வாப்பா வயலில் வரம்பு பார்க்கிறபோதும் முதுகை அப்படித்தான் வளைப்பார்.

கபுறில் நடுகிற மீசான் கட்டைகளை எண்ணச் சொன்னேன். "ஆம்புளைக்கு ரெண்டு, பொம்புளைக்கு மூணு" என்பது வாப்பா சொன்ன கணக்கு. எல்லா ஊரிலும் இதே வழக்கம் இல்லை, உங்கள் ஊர் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டை எந்த மரம் என்பதும் முக்கியம். மற்ற மரங்களைக் கறையான் தின்றுவிடும். பாலையின் வைரம் மண்ணுக்குள் நின்று தாங்கும். அதனால்தான் வாப்பா அதை நட்டார். தம்பியின் மகள், எட்டு வயது, மண்ணோடு மண்ணாகத் தெரிந்த கட்டைகளை விரல் மடித்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாளாம். ஒன்றில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வந்தது. ஓடக் கூடாது என்ற ஒழுங்கை மறக்காமல், ஆனால் நடையிலேயே ஓட்டம் தெரிய, வேலியடிக்கு வந்தாள். "மாமி, இது இரும்பு மாதிரிக் கத்துது."

அந்த ஒரு அடையாளத்துக்கு நான் அவளுக்குச் சொன்ன கதை, அவளுடைய மூத்தாப்பாவின் வாப்பா அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீருக்காக இரவு முழுக்க வாய்க்காலில் காவல் இருந்து, விடியும்போது தன் வயலுக்கு முன் பக்கத்து வயல் விதவைக்குத் தண்ணீர் திறந்துவிட்ட கதை. வாப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் சொன்னது முதல் தடவை. அவள் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்த் தன் அண்ணன்மாருக்கு அதைச் சொன்னாள், நான் சொல்லாத ஒரு நிலாவையும் சேர்த்து. நான் திருத்தவில்லை.

மையவாடியின் கடல் பக்கத்து ஓரத்தில், வரிசைக்கு வெளியே, கல்லும் கட்டையும் இல்லாத சில தாழ்வுகளைப் பிள்ளைகள் கண்டார்கள். இவை யாருடையவை என்று கேட்டார்கள். வாப்பாவிடம் நானும் ஒருகாலத்தில் இதையே கேட்டிருக்கிறேன். "முத்துக் குளிக்க வந்து மௌத்தானவங்க எண்டு எங்கட வாப்பா சொல்லுவார்" என்றார். இதற்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பை ரொபர்ட் பெர்சிவல் 1803இலும் ஜேம்ஸ் கோர்டினர் 1807இலும் வெளியிட்ட நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சலாபம் என்கிற முத்துக்குளிப்பு கூடும் மாதங்களில், ஆளரவமே இல்லாத இந்த மணற்கரையில் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முத்துக்குளிப்போர் வருவார்கள், பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அறபிகளும் வந்தார்கள். அல்லிராணிக் கோட்டை என்று நாங்கள் சொல்லுகிற, அரிப்பு என்ற ஊரில் உள்ள கட்டிடம், ஆளுநர் பிரெட்றிக் நோர்த் முத்துக்குளிப்பு மேற்பார்வைக்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. இன்று அதன் செங்கல் சுவர்கள் கடலரிப்பில் துண்டு துண்டாக விழுகின்றன. 1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் முகாம் மரிச்சுக்கட்டியில் இருந்தது, 1906இல் அங்கே கடமையில் இருந்த இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப். 1907க்குப் பிறகு அந்தப் பெரிய சலாபங்கள் ஓய்ந்துபோயின. சிப்பியைக் கொட்டிலில் அழுகவைத்து முத்தெடுக்கிற இடத்தில் ஈயும் நாற்றமும் காலராவும் சேர்ந்தே வரும். கவர்னருக்கு மாளிகை நின்றது, கல்லைக் காலில் கட்டிக் கடலுக்குள் இறங்கியவனுக்கு இப்படி ஒரு தாழ்வாவது கிடைத்திருக்குமா என்று பிள்ளைகள் யோசித்தார்கள். பெரியவன் கேட்டான், அவங்கட பிள்ளைகள் தேடி வந்திருப்பாங்களா என்று. கீழக்கரையில் யாரோ ஒரு வீட்டில் 'கடலுக்குப் போன வாப்பா வரவில்லை' என்று மட்டும் சொல்லியிருப்பார்கள் என்றேன். அன்று பிள்ளைகள் அந்தப் பெயரில்லாத தாழ்வுகளுக்கும் தனியாக நின்று துஆ கேட்டார்கள். அது என் கொப்பியில் எழுதியிருந்த தேடலில் இல்லை. அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

மாமி சொன்ன சிப்பி ஓட்டின் அருமை இங்கேதான் தெரிந்தது. பழைய சிப்பிக் குவியல்கள் இந்தக் கரை முழுக்க மண்ணுக்குள் கிடக்கின்றன. மையவாடியின் எந்தப் பகுதியில் எலி வளை பறித்த மண்ணிலும் எறும்பு மேடுகளிலும் சிப்பித் துண்டு மினுங்குகிறது என்று பார்க்கச் சொன்னோம். தோண்டக் கூடாது, கிளறக் கூடாது, மேலே கிடப்பதைப் பார்த்தால் போதும். தெற்குப் பக்கத்து ஒரு துண்டில் மட்டும் இருந்தது. பாலை மரம் இல்லை, யாரோ எப்போதோ தறித்துவிட்டார்கள். அடிக்குற்றி இருந்தது. குற்றிக்குத் தெற்கே, சிப்பி மினுங்கும் துண்டுக்குள், முருகைக்கல் சுற்றிக் கட்டிய, இரண்டு பாலைக் கட்டைகள் நட்ட கபுறு. எல்லா அடையாளமும் பொருந்தியது.

ஆனால் அப்படிப்பட்ட கபுறு இரண்டு இருந்தது, பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் முருகைக்கல், இரண்டிலும் பாலைக் கட்டை.

தம்பி வேலியடிக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்துவிட்டது. தோட்டத்தில் வாப்பாவோடு வேலை செய்தவரை அடுத்த வீட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் பள்ளிப் பக்கம் திரும்பி நின்று, ஜனாஸா வந்த வழியைக் கையால் கீறிக் காட்டினார். "இந்த ரெண்டுல ஒண்டு உங்கட வாப்பாட வாப்பா. மற்றது அவர்ட மச்சான். ரெண்டு பேரும் ஒரே வருஷம்." எது எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல அவர் சொல்லாமல் விட்டதற்கு நான் அவருக்கு நன்றியுள்ளவள். பிள்ளைகளிடமும் அதையே சொன்னோம். ஒரு கபுறைக் கையால் காட்டி இதுதான் என்று நாங்கள் முடிவு செய்திருந்தால், நாளைக்கு அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவது எங்கள் அவசரமாகத்தான் இருக்கும். இரண்டையும் துப்புரவாக்கினார்கள், இரண்டுக்கும் பச்சைக் கொப்பு குத்தினார்கள், இரண்டு பேருக்கும் ஓதினார்கள். மச்சானுடைய பேரப்பிள்ளைகள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டு நினைவில் நமக்குத் தெரியாத ஓர் அடையாளம் இருக்கக்கூடும்.

கண்டுபிடித்ததைப் பதிகிற முறைக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் பலர் இந்தக் கட்டத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படத்தோடு நின்றுவிடுகிறார்கள். கைத்தொலைபேசி வரைபடத்தில் குறிக்கும் புள்ளி சில மீற்றர் முன்பின்னாக விலகும். கபுறுக்கும் கபுறுக்கும் இடையில் சில அடிதான். அதனால் அசையாத இரண்டு இடங்களிலிருந்து, எங்களுக்கு அது மதிலின் மூலையும் கிணற்றுக் கட்டும், நாடாவால் அளந்து இரண்டு நீளத்தையும் எழுதுங்கள். இரண்டு நீளமும், கிணற்றிலிருந்து அது எந்தப் பக்கம் என்பதும் இருந்தால், காடு மறுபடி மூடினாலும் யாரும் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். வரைபடத்தைப் பிள்ளைகளே கீறட்டும். முருகைக்கல்லைக் கம்பித் தூரிகையால் உரஞ்சாதீர்கள், அது மாவாக உதிரும். எழுத்துள்ள கல் மங்கியிருந்தால் மாவோ சுண்ணாம்போ பூசாமல், ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் பாருங்கள், பள்ளமான எழுத்து நிழலாக எழும்பும். தகரப் பலகை வைக்க வேண்டாம், இந்தக் கடற்காற்றுக்குச் சில வருடங்கள்கூடத் தாங்காது. கொப்பியின் ஒரு பிரதியைப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகு ஊரில் வேறு சில குடும்பங்களும் தங்கள் பக்கத்தைச் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கின்றன.

புத்தளத்தில் வாப்பாவின் கபுறுக்கும் இதையே செய்தோம். அங்கே காடு இல்லை, நெருக்கம்தான் காடு. கொண்டச்சியிலிருந்து வந்து புத்தளத்தில் அடங்கியவர்களைத் தேடி அவருடைய கபுறைச் சுற்றி அளந்தபோது, ஊரில் பக்கத்து வளவில் இருந்த இரண்டு பேர் அங்கேயும் அவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இந்தப் பதிவு இன்னும் அவசரமாகத் தேவைப்படுபவர்களும் உண்டு. கொரோனாக் காலத்தில் மௌத்தாகி, 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் அடக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. ஜனாஸாவுக்குப் பின்னால் நடக்கக்கூட முடியாமல் போனவர்கள் அவர்கள். கபுறின் இலக்கம் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தால் அதை இன்றே இரண்டு மூன்று இடங்களில் எழுதிவையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த இலக்கத்துக்குரியவர் யார் என்பதை அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள்.

எங்கள் கொப்பியில் இன்னும் பொருந்தாத வரி ஒன்று இருக்கிறது. வாப்பாவின் உம்மா. மூன்று கட்டை, கிணற்றடிப் பக்கம், தலைமாட்டில் மருதோன்றிச் செடி. கிணற்றடியில் மருதோன்றி இல்லை, மூன்று கட்டையாக எதுவும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் விட்டபாடில்லை. ஜனாஸா வீட்டிலிருந்து எந்தப் படலையால் வெளியே போனது என்று கேட்க அவர்கள் இந்த வெள்ளிக்கிழமை மாமியிடம் போகிறார்கள். கேள்விகளைத் தம்பியின் மகள் எழுதியிருக்கிறாள். முதலாவது கேள்வி, அன்று மழை பெய்ததா என்பது. வாடை தொடங்கியதும் மறுபடி கொண்டச்சிக்குப் போகிறோம்.